கொன்றோல் பதினேழும் நான் போட்ட வெற்றிலையும்

1. வாய் பாக்கிற மாஸ்டர்

புற்றுநோய் உயிரியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர் என்று மேடைகளில் என்னை அறிமுகம் செய்யும்போது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். அந்தப் பட்டம் கைக்கு வருமுன்னரே கிளிநொச்சிக்குப் பக்கத்து ஊரான உருத்திரபுரம் எனக்கு ஒரு பட்டம் தந்துவிட்டது: 'வாய் பாக்கிற மாஸ்டர்'. பல்கலைக்கழகம் தன்னுடையதைத் தர ஐந்து வருடம் எடுத்தது. உருத்திரபுரம் முதல் நாளே தந்துவிட்டது. இப்போது ஆய்வுக்குப் போகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, அந்தக் காலத்தில் எப்படி வேலை செய்தீர்கள் என்று பயபக்தியோடு கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிரித்தால் பரவாயில்லை. நான் விட்ட பிழையை மட்டும் திரும்ப விடாதீர்கள். புதிதாக ஏதாவது விடுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சி ஸ்டேசனில் நான் இறங்கியபோது ஒரு கையில் கண்ணாடிச் சிலைட்டுகள் அடுக்கிய மரப்பெட்டி, மற்றக் கையில் ஸ்பிரிட்டும் ஈதரும் கலந்த பெரிய போத்தல். றெயினில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வவுனியாவிலேயே எழும்பி வேறு பெட்டிக்குப் போய்விட்டார். நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

என் வேலை இதுதான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நாலையும் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருப்பவர்களுக்கு வாய்ப் புற்றுநோய் வருகிறது என்பது அப்போதே தெரிந்த கதை. வருவதற்கு முன்னால் கன்னத்தின் கலங்கள், அதாவது செல்கள், எப்படி எப்படி மாறுகின்றன என்பதுதான் என் கேள்வி. தட்டையான மரக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாகச் சுரண்டி, அதைச் சிலைட்டில் பூசி, உடனே ஸ்பிரிட்டுக்குள் போட வேண்டும். பூசியதை ஸ்மியர் என்போம். கொழும்புக்குக் கொண்டுபோய் சாயம் ஏற்றி மைக்கிறோஸ்கோப்பில் பார்ப்பேன். வெற்றிலை போடுகிறவர் அறுபது பேர், போடாதவர் அறுபது பேர். எல்லோரும் ஒரே குளத்து நீரில் விளைந்த அரிசியைத் தின்கிறவர்களாக இருக்க வேண்டும். வடக்கே குடாநாட்டிலிருந்து வந்து குடியேறி, வாய்க்கால் நீரில் வயல் செய்கிற குடும்பங்கள் அதற்கு நல்ல வாய்ப்பு. போடாதவர்களுக்கு எங்கள் பாஷையில் பெயர் கொன்றோல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ஆட்கள். கொன்றோல் சுத்தமாக இருந்தால்தான் ஆய்வு நிற்கும். இல்லாவிட்டால் எல்லாம் குப்பை.

ஊருக்குள் ஓட ஒரு வாடகைக் கார் பிடித்தேன். ஓட்டுநர் சலீம் நானா, முல்லைத்தீவுக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூப்பு. அவருடைய காருக்கு சைலன்சர் இல்லை. நாங்கள் ஒரு வாய்க்காலைத் தாண்டும்போதே மூன்றாவது வாய்க்காலுக்குச் செய்தி போய்விடும். இதை ஒரு வசதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தீர்களா, அங்கேயே தொடங்கிவிட்டது என் மடைத்தனம்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உட்காரக் கதிரை வரும், பின்னால் வெற்றிலைத் தட்டம் வரும். எனக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. பழக்கம் இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். கலாநிதியாகப் போகிறவன் அப்படிச் சொல்வானா? தட்டத்தை விரலால் தள்ளிவிட்டு, இது கூடாத சாமான், புற்றுநோய்க்கு வழி என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்வேன். பிரசங்கம் முடிந்ததும் கொப்பியைத் திறந்து, "நீங்கள் வெத்திலை போடுவியளோ?" என்று கேட்பேன்.

இரண்டு மாதத்தில் அறுபது கொன்றோலும் சேர்ந்துவிட்டது. வெற்றிலை போடுகிறவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. எவ்வளவு நல்ல சனம் என்று பேராசிரியருக்குக் கடிதம்கூட எழுதினேன். அந்த நல்ல சனத்தில் பாதிப் பேருக்குப் பல் கறுத்திருந்தது. அதையும் நான் கவனித்தேன், கவனிக்கவில்லை என்று சொல்லாதீர்கள். 'கிணற்றுத் தண்ணீர்க் கறை' என்று கொப்பியில் எழுதினேன்.

2. பதினேழாம் இலக்கம்

வாய்க்கால் கட்டோடு ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. நடத்தியவர் நாகம்மா அக்கா. நாற்பது வயது இருக்கும். கணவர் வயலோடு கிடப்பவர்; கடை முழுக்க அக்காவின் ராச்சியம். வாய் என்றால் அது வாய். என் தொழிலுக்கு ஏற்ற வாய்தான்.

முதல் நாள் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு விசாரணை நடத்தினார். டொக்டரா என்று கேட்டார். இன்னும் இல்லை, இந்தப் படிப்பு முடிந்தால் டொக்டர் என்று சொல்வார்கள் என்றேன். மருந்து தருவீர்களா என்றார். இல்லை. ஊசி? இல்லை.

"மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. சனத்தின்ர வாயைச் சுரண்டிக்கொண்டு போறதுக்கு ஒரு டொக்டர் பட்டமோ?" என்றார்.

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சலீம் நானா கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. வழமையான பிரசங்கத்தை இன்னும் கொஞ்சம் நீட்டி முழக்கிவிட்டு, வழமையான கேள்வியைக் கேட்டேன். நாகம்மா அக்கா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "சீச்சீ, நான் அதைத் தொடுறேல்லை" என்றார். கொன்றோல் பதினேழு என்று பதிந்தேன். இடது கன்னத்தின் அடியில் ஓர் இடம் சொரசொரவென்று இருந்தது. பக்கத்துக் கடைவாய்ப் பல் கூராக இருந்ததால் பல் உரசல் என்று எழுதினேன். எழுதுவதற்கு எனக்கு எப்போதும் ஏதோ ஒன்று இருந்தது.

கொழும்பில் அந்தச் சிலைட்டை மைக்கிறோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். நல்ல கன்னத்துக் கலம் அகலமாக, நடுவில் ஒரு சின்னப் பொட்டாகக் கருவோடு இருக்கும். இங்கே கரு வீங்கி, கறுத்து, கோணல்மாணலாகக் கலத்தையே நிரப்பிக்கொண்டு நின்றது. படிக்கிற பிள்ளைக்கும் தெரியும் அது என்னவென்று. பேராசிரியரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஐசே, வெத்திலையைத் தொடாத மனிசியின்ர வாயில இது லேசில வராது. லேபல் மாறியிருக்கும். போய்ச் சரியாப் பாரும்," என்றார்.

போய்ப் பார் என்றுதான் அவர் சொன்னார். அவர் மேல் நான் பழி போடமாட்டேன். நான் போகவில்லை. இருந்த இடத்திலேயே கொப்பியைப் புரட்டினேன். அதே நாளில் செல்லையா என்ற வண்டில்காரரின் வாயையும் சுரண்டியிருந்தேன். இருபத்தைந்து வருடமாக வெற்றிலை போடுகிறவர், கன்னத்தில் வெள்ளைத் தழும்பு வேறு. அவருடைய சிலைட் சுத்தமாக இருந்தது. ஆகவே இரண்டும் மாறிவிட்டன என்று முடிவு கட்டினேன். பதினேழுக்கு நேரே 'பழுது' என்று சிவப்பு மையில் எழுதினேன். கணக்கு ஒத்து வந்தது. அன்றைக்கு நல்லாய்ச் சாப்பிட்டு நல்லாய்த் தூங்கினேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

3. செல்லையாவின் மூன்று கிழமை

அடுத்த முறை கிளிநொச்சிக்குப் போனதும் நேரே செல்லையா வீட்டுக்குப் போய், வாயில் பிழையான கலம் இருக்கிறது, கொழும்புக்கு வரவேண்டும், அதற்கு முன் இன்னொரு தரம் சுரண்ட வேண்டும் என்று சொன்னேன். மனைவி மண்ணில் இருந்து அழுதார். செல்லையா அன்றைக்கே வெற்றிலையை விட்டார். நான் இரண்டாம் ஸ்மியரை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்த் திரும்பி வருகிற மூன்று கிழமைக்குள் அவர் மகளுக்குக் கலியாணத்தைப் பேசி முடித்து, காளைகளை மச்சானுக்குக் கொடுத்து, கோயிலுக்கு நேர்த்தி வைத்து, தனக்குப் பிறகு வீட்டில் யார் எந்த அறையில் படுப்பது என்பது வரை ஒழுங்கு செய்துவிட்டார்.

இரண்டாம் ஸ்மியரும் சுத்தம். தழும்பு வெறும் தழும்பு.

அதைச் சொல்லப் போனபோது செல்லையா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப வெத்திலை போடலாமோ?" போடக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காளைகளை மட்டும் மச்சான் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தக் கோபம் செல்லையாவுக்குச் சாகும் வரை இருந்தது, என் மேல்.

காருக்குள் ஏறியபோதுதான் எனக்கு உறைத்தது. சிலைட் மாறவில்லை. அப்படியானால் அந்தக் கெட்ட கலங்கள் பதினேழாம் இலக்கத்தின் வாயில் இருந்தவைதான். ஆனால் அவர் வெற்றிலை போடாதவர். இது எப்படி என்று வாய்விட்டுப் புலம்பினேன். சலீம் நானா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஆர் போடாதவர் என்று கேட்டார். நாகம்மா அக்கா என்றேன்.

"என்ன மாஸ்டர் கதைக்கிறியள்? அவா பொயிலை போடாமல் அடுப்பே பத்தவைக்க மாட்டா."

உங்களுக்கு இது முதலே தெரியுமா என்று கேட்டேன். ஊருக்கே தெரியும் என்றார். அப்படியென்றால் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"நீங்கள் என்னைக் கார் ஓட்டத்தானே பிடிச்சனீங்கள்," என்றார் அவர், கோபமே இல்லாமல்.

பிறகு காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு முழுக்க விளங்கப்படுத்தினார். வந்த விருந்தாளி வெற்றிலை போடாதவர் என்றால் அவர் முன்னால் வீட்டுக்காரர் போட மாட்டார்கள். அது மரியாதை. அவர் அதைக் கூடாத சாமான் என்று சொன்னால், நானும் போடுவேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வது அதைவிட மரியாதைக் கேடு. எங்கள் கார்ச் சத்தம் கேட்டதும் சனம் வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு, வாய்க்காலில் வாய் கொப்புளித்து, உமிக்கரி போட்டுப் பல்லும் விளக்கிவிட்டுத்தான் வாசலுக்கு வருமாம். எனக்காக. என் மனம் நோகக்கூடாது என்று.

அறுபது கொன்றோல். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். நான் காரோட்டியாக உண்மையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஊர் முழுக்கப் பொய் பொறுக்கியிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் தீசிஸ் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த மனிசியின் கன்னத்தைச் சுரண்டி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் கரு வீங்கிய கலங்கள் சிவப்பு மையைப் பார்த்து நின்றுவிடப் போவதில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

4. நான் வெற்றிலை போட்ட கதை

நாகம்மா அக்காவிடம் போய், இன்னொரு தரம் வாயைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒரு தரம் சுரண்டினது காணும் என்று தேத்தண்ணியை ஆற்றத் தொடங்கிவிட்டார். நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று கடை நிறைய ஆட்கள் இருக்கச் சொல்ல முடியுமா? சொன்னால் அந்த வாய் எனக்கு இனித் திறக்காது.

வாங்கில் இருந்தேன். "அக்கா, வெத்திலைத் தட்டம் இருக்கோ?" என்றேன்.

சலீம் நானா தேத்தண்ணிக் கிளாசை மெதுவாகக் கீழே வைத்தார். தட்டம் வந்தது. எனக்கு வெற்றிலையின் காம்பைக் கிள்ளவே தெரியாது. கைக்கு வந்தபடி சுண்ணாம்பைத் தடவி, பாக்கை வைத்து, புகையிலையையும் ஒரு துண்டு பிய்த்து வைத்து வாய்க்குள் தள்ளினேன். ஆழம் தெரியாமல் காலை விட்டவன் நான்தான். சுண்ணாம்பு நாக்கைப் பொசுக்கியது. புகையிலைச் சாற்றைத் துப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, விழுங்கினேன். காது இரண்டும் சூடாகி, நெற்றியில் வியர்த்து, வாய்க்கால் கட்டு மெதுவாக என்னைச் சுற்றி வரத் தொடங்கியது. வாங்குப் பலகையிலிருந்து பக்கவாட்டில் சரிந்தேன். விழுமுன் சலீம் நானா பிடித்துவிட்டார்.

கடை வெடித்துச் சிரித்தது. நாகம்மா அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அடுப்படிக் குசினிக்குள் போய், சீனி போட்டு வைக்கிற தகரப் பேணிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த தன் வெற்றிலைப் பையை எடுத்து வந்து, எனக்கு முன்னால் இருந்து ஒரு வாய் போட்டார். இரண்டு விரலால் அதை இடது கன்னத்தின் அடிக்குத் தள்ளினார். சரியாக அந்த இடத்துக்கு.

ஆட்கள் போன பிறகு, ஏன் இல்லையென்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"தட்டத்தைத் தள்ளிப்போட்டு, கூடாத சாமான் எண்டு சொல்லிப்போட்டு, நீ போடுறியோ எண்டு கேட்டால் ஆர் ஓம் எண்டு சொல்லுவினம்? உங்கட முகம் வாடிப்போமெண்டுதான் சொன்னனான்."

அப்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிலைட்டில் கண்டதையும், செல்லையாவையும், சிவப்பு மையையும். இரண்டு மாதம் வீணாய்ப் போனது என் பிழை என்றும் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தார்.

"செத்துப்போவனோ?"

"இப்ப வந்தியளெண்டால் தப்பலாமெண்டு நினைக்கிறன், அக்கா."

"நினைக்கிறியளோ, தெரியுமோ?"

"நினைக்கிறன்."

அடுப்புக் கொள்ளியை உள்ளே தள்ளினார். "இவ்வளவு படிச்சும் நினைக்கத்தான் முடியுது என்ன," என்றார். அதில் கேலி இருக்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. பிறகு, கணவருக்குத் தேத்தண்ணி போடத் தெரியாது, கடைக்கு வருகிற சனத்தின் நிலைமை என்ன ஆகப்போகிறது என்று அதற்குக் கவலைப்படத் தொடங்கினார்.

இரண்டு நாள் கழித்துக் காலை றெயினில் அவரைக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். சலீம் நானா ஸ்டேசன் வரை வந்தார். அந்த ஓட்டத்துக்குக் கூலி வாங்கவில்லை. காரின் சத்தத்தால் வந்த வினை என்று தானாகவே தீர்மானித்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியில் கன்னத்தின் ஒரு பகுதியையும் தாடையில் கொஞ்சத்தையும் எடுத்தார்கள். பிறகு ரேடியம் வைத்தார்கள். நான் வெளியே வாங்கில் இருந்தேன். சத்திர வைத்தியர் வந்து, இன்னும் இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால் கத்தியைத் தொட்டே இருக்கமாட்டேன் என்றார். நல்ல வேளை என்ற மாதிரித்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னை மகன் என்று நினைத்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

5. மீண்டும் அறுபது பேர்

பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என் கொப்பியைத் தூக்கி மேசையில் போட்டார். "ஐசே, உம்மட கொன்றோலுக்குக் கொன்றோல் ஆர்?" என்று கேட்டார். என் ஆய்வைப் பற்றி எவரும் கேட்ட கேள்விகளில் அதுதான் சரியான கேள்வி.

எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்கினேன். இந்த முறை காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தோம். தட்டம் வந்தால் எடுத்தேன். புகையிலை இல்லாமல் ஒரு சின்னச் சுருள், கதை தொடங்குகிற அளவுக்கு. வெற்றிலை போடுவீர்களா என்று பிறகு நான் எவரையும் கேட்கவே இல்லை. வாய் சிவக்கக் கதைத்துக்கொண்டிருந்தால் அவர்களே பையை எடுப்பார்கள். பழைய அறுபதில் உண்மையான கொன்றோல் பாதிகூட இல்லை. மீதிக்காக விசுவமடு வரை அலைந்தேன். கிணற்றுத் தண்ணீர்க் கறை படிந்த பற்களை எல்லாம் பட்டியலில் இருந்து வெட்டினேன். இரண்டு வருடம் போனது. என் பற்களும் கறுத்தன. கடைசியில் என் கன்னத்தையும் நானே சுரண்டிப் பார்த்தேன். அந்த முடிவு தீசிஸில் இல்லை, கேட்காதீர்கள்.

பட்டம் கிடைத்ததும் தீசிஸின் ஒரு பிரதியைத் தூக்கிக்கொண்டு உருத்திரபுரம் போனேன். நாகம்மா அக்காவின் இடது கன்னம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பேச்சு கொஞ்சம் கொழகொழத்தது. வாய் மட்டும் அதே வாய். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னார். அடிக்குறிப்பைத் தமிழில் சொன்னேன்: 'பதினேழாம் இலக்கம் பழுது என்று முதலில் விலக்கப்பட்டது. சிலைட்டில் பழுது இல்லை. பிழை ஆய்வாளருடையது.'

"நான் பொய் சொன்னதை எழுதேல்லையோ?" என்றார்.

"கேட்டவன்ர பிழை அது, அக்கா."

அவர் எழும்பிப் போய்த் தட்டத்தைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். நல்ல கொழுந்து வெற்றிலை. எனக்குக் கை போகவில்லை. வீட்டுக்காரி போடாததை விருந்தாளி போடுவது மரியாதையில்லை என்று உங்கள் ஊர்தானே எனக்குப் படிப்பித்தது என்றேன்.

நாகம்மா அக்கா சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் சிரித்த அந்த முகம் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பிறகு தட்டத்தை வாங்கில் வைத்துவிட்டு, நிமிர்ந்து இருந்து சொன்னார்.

"அப்ப கொப்பியை எடுங்கோ மாஸ்டர். பதினேழு, வெத்திலை போடுறேல்லை. எழுதுங்கோ."

கொப்பியை எடுத்தேன். பேனையின் மூடியையும் கழற்றினேன். ஆனால், பிள்ளைகளே, எழும்பி குசினிக்குள் போய், சீனிப் பேணிக்குப் பின்னால் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினேன்.